ஓலீட்டா எண்ணெய் வாங்கும் விதம்

பாட்டில் கைக்கு வந்ததும் ஓலீட்டா ஸ்லோன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிக்கிறார். முன்பக்கத்தில் அச்சடித்திருக்கும் இலை, மலை, சூரியோதயம் எதுவும் அவருக்கு வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சரக்கு எண்ணை உதடசைத்துப் படிக்கிறார்.

"இந்த நம்பருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் எங்கப்பா?"

"போன மாசம்தானே காட்டினேன், மிஸ் ஓலீட்டா," என்கிறான் லோவெல். கோர்ட் வாசலில் கூடும் சனிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு, வலிக்கு நாக்கடியில் சொட்டு விடும் சிபிடி எண்ணெய் விற்பவன். அப்பா புகையிலை போட்ட அதே நிலத்தில் இவன் அந்த எண்ணெய்க்கான ஹெம்ப் போடுகிறான். கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க, போதை ஏற்றாத செடி.

"போன மாசம் காட்டினது போன மாசத்துச் சரக்குக்கு. போன ஞாயித்துக்கிழமை உன் பொண்டாட்டி சுட்ட சோளரொட்டி நல்லா இருந்துச்சு. அதுக்காக இந்த ஞாயித்துக்கிழமை கருகாதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"நான் இங்கதான் நிக்கறேன்!" என்று வேனுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் வருகிறது.

லோவெல் போனை எடுத்து நீட்டுகிறான். ஓலீட்டா அதை வாங்கி, கட்டைவிரலைத் தவிர்த்து மற்ற இரண்டு விரல்களால் எழுத்தைப் பெரிதாக்குகிறார். சோதித்தது லோவெலின் ஆட்களா, சம்பந்தமில்லாத வேறு ஆய்வகமா என்பது முதல் பார்வை. அடுத்தது டிஹெச்சி, அதாவது செடியில் போதை தரும் பகுதி. அந்த வரியில் 'காணப்படவில்லை' என்றுதான் போட்டிருக்கிறது. ஓலீட்டாவுக்கு அது போதாது.

"காணலைன்னா, எவ்ளோ சின்னது வரைக்கும் இந்த மிஷினுக்குக் கண்ணு தெரியும்? எங்க வீட்டுக்காரர் டாய்லுக்குக்கூட ஃபிரிட்ஜ்ல இருக்கற வெண்ணெய் காணப்படாது. அதுக்காக வெண்ணெய் இல்லாமப் போயிடுமா?"

அந்த அளவும் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறது. பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஈயம், பூச்சிமருந்து என்று கீழே இறங்குகிறார். ஹெம்ப், மண்ணில் கிடப்பதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. "உங்கப்பா அந்த மண்ணுல கொட்டாத விஷம் கிடையாது. வயசுல நானே அங்க புகையிலை வெட்டி, ராத்திரி வாந்தி எடுத்திருக்கேன். அதனால கேக்கறேன், கோவிச்சுக்காத."

"கோவம் எங்க வருது? பயம்தான் வருது."

பின்னால் வரிசை நீண்டுவிட்டது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஓலீட்டா பையைத் திறந்து பாட்டிலை உள்ளே வைத்த நொடியில், அடுத்து நிற்பவர் லோவெலிடம் சொல்கிறார்: "அவங்க எடுத்த அதே நம்பர்ல எனக்கும் ஒண்ணு குடு." அதற்கடுத்தவரும் அதையே சொல்கிறார்.

ஓலீட்டா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். கென்டக்கியின் கிழக்கு மூலையில், ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் எங்கள் ஊர்ச் சாலைகளில் அந்த மஞ்சள் வண்டியைத் திருப்புவதற்குக் கை வேண்டும். அவருடைய இரண்டு கட்டைவிரல்களின் அடிமூட்டும் தேய்ந்துவிட்டது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, பிள்ளைகள் ஏறும் இடத்தில் நிறுத்தி, பிரேக் குமிழைப் பிடித்து இழுக்கப் பார்த்திருக்கிறார். விரல் மடங்கவே இல்லை. கடைசியில் முழங்கையை முட்டுக்கொடுத்து, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் குமிழை இடுக்கி இழுத்தாராம். முன்சீட்டில் இருந்த ஒரு வாண்டு, "மிஸ் ஓலீட்டா, வண்டியோட குஸ்தி போடறீங்களா?" என்று கேட்டிருக்கிறது. "ஆமாம்டா கண்ணு, நான்தான் ஜெயிச்சேன்," என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இந்த வேலை இன்னும் எத்தனை நாளோ என்று கணவர் டாய்லிடம் கேட்டதை மட்டும் மெல்லிய குரலில் சொல்கிறார்.

மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. எண்ணெய்க்கு வந்தார். எண்ணெயில் வேறோர் ஆபத்து காத்திருந்தது.

பஸ் ஓட்டுகிறவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டுச் சிறுநீர் சோதனை செய்வார்கள். டிஹெச்சி தென்பட்டால் அன்றோடு வண்டி போச்சு. 'நான் கஞ்சா பிடிக்கவில்லை, கைவலிக்கு எண்ணெய்தான் குடித்தேன்' என்ற சமாதானம் எங்கும் எடுபடாது. ஏவரி என்று ஒரு டிரைவர் இருந்தார், ஓலீட்டாவுக்குப் பக்கத்து ரூட். முதுகுவலிக்குப் பெட்ரோல் பங்கில் ஓர் எண்ணெய் வாங்கினார். 'டிஹெச்சி அறவே இல்லை' என்று லேபிளில் கொட்டை எழுத்தில் இருந்தது. இப்போது அவர் தீவனக் கடையில் மூட்டை அடுக்குகிறார், அதே முதுகோடு.

"அந்தப் பங்குல எண்ணெயை எங்க வெச்சிருந்தான் தெரியுமா? தூண்டில் புழு விக்கற ஃபிரிட்ஜ்ல. புழுவுக்கும் மருந்துக்கும் ஒரே கதவு. அதைப் பாத்ததுமே ஏவரி ஓடி வந்திருக்கணும்."

எனவே ஓலீட்டா அவசரப்படவில்லை. முதல் பாட்டிலை வாங்குவதற்கு முன் வசந்தகாலம் முழுவதையும் விசாரித்தே கழித்தார். செடியின் சாறு எல்லாம் சேர்ந்த எண்ணெயில் டிஹெச்சி இம்மியாவது இருக்கும், சட்டப்படியே இருக்கலாம். சிபிடியை மட்டும் தனியே பிரித்தெடுத்து, தேங்காயிலிருந்து எடுக்கும் எண்ணெயில் கரைத்ததும் கிடைக்கும். வேண்டியது இரண்டாவது. ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததை ஆசையாக எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டார்: அது ஹெம்ப் விதையை ஆட்டிய வெறும் சமையல் எண்ணெய், சிபிடியே கிடையாது. "காய்கறி வதக்கலாம். கட்டைவிரலை வதக்க முடியாது." இன்னொரு கடைக்காரர், சர்க்கரை, புற்று, மறதி, மனக்கவலை எல்லாம் இதில் தீரும் என்றிருக்கிறார். "அப்ப நீங்க ஏம்ப்பா கண்ணாடி போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாராம்.

அதோடு நிற்கவில்லை. தாம் சாப்பிடும் மாத்திரைகளையும் டாய்ல் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டிக் காட்டினார். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓலீட்டாவுக்குத் தடையில்லை, குறைவாகத் தொடங்குங்கள் என்றாள். டாய்லின் ரத்தம் இளக்கும் மாத்திரையைத் தூக்கிப் பிடித்து, "இவருக்கு இந்த எண்ணெய் ஆகாது. ரெண்டும் சேர்ந்தா ரத்தம் நிக்காது," என்றாள். தமக்கும் முழங்காலுக்கு இரண்டு சொட்டு கிடைக்கும் என்று காரில் உட்கார்ந்திருந்த டாய்லின் முகம் அன்று சுருங்கியது. அவருக்கு ஒத்தடம் கொடுக்கும் மின்சாரத் திண்டு ஒன்று வாங்கித் தந்து சமாதானம் செய்தார் ஓலீட்டா. இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

பள்ளி மூடி, பஸ்ஸும் கொட்டகையில் உறங்கப் போன பிறகுதான் முதல் சொட்டை நாக்கடியில் விட்டார். அந்தக் கோடை முழுவதும் மருந்துக் கடையில் விற்கும் சோதனைக் குப்பியை வாங்கி வாங்கித் தாமே சோதித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சுத்தம். சொட்டு சொட்டாக ஏற்றி, போதும் என்று பட்ட இடத்தில் நிறுத்தினார். ஆகஸ்டில் பள்ளி திறந்த அன்று காலை, பிரேக் குமிழை ஒற்றைக் கையால் இழுத்துவிட்டு, இன்ஜின் ஓட ஓட அப்படியே உட்கார்ந்து சிரித்தாராம்.

குணமாகிவிட்டதா என்று யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "குணமும் இல்ல, அற்புதமும் இல்ல. முன்னெல்லாம் நான் எழுந்து அரைமணி கழிச்சுத்தான் என் கை எழுந்திருக்கும். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்திருக்கறோம். அவ்ளோதான்."

இத்தனை கட்டுக்காவலையும் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் அவருடைய நாத்தனார் பர்னிஸ்.

பர்னிஸ் நெடுஞ்சாலையோரம் ஒரு சிறு உணவுக்கடை நடத்துகிறார். கடை மூடும் நேரத்தில் மேசைக்கு மேசை போய், பாதி தீர்ந்த கெட்ச்சப் பாட்டிலை இன்னொரு பாதி பாட்டிலின் மேல் கவிழ்த்து ஒன்றாக்குவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வழக்கம். கடுகுச் சாறு, சிரப், மிளகாய்ச் சாறு, எதையும் பாதியாக விட்டுவிட்டுப் போனால் பர்னிஸுக்குத் தூக்கம் வராது. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓலீட்டா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் அடுக்களையை ஒழுங்கு செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் ஓலீட்டா சொட்டுக்குழாயை வழக்கம்போல அடுக்களை விளக்குக்கு நேரே தூக்கினார். அவருடைய எண்ணெய் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். அன்று அது வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது. மோந்து பார்த்தார். வைக்கோல் வாசனை. குழாயை மெல்லத் திருப்பி வைத்துவிட்டு பர்னிஸுக்குப் போன் போட்டார்.

"என் எண்ணெய்ல கை வெச்சியா?"

"கை வெச்சேனாவா? நல்லது பண்ணிருக்கேன்டி! என் பர்ஸ்ல இருந்த பாட்டில்ல அடியில கொஞ்சூண்டு இருந்துச்சு. உன்னுது பாதி காலி. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்."

"அது என்ன கெட்ச்சப்பா?"

"எல்லாம் எண்ணெய்தானே?"

"உன்னுது சாறெல்லாம் சேர்ந்த எண்ணெய், அதுல டிஹெச்சி இருக்கு, பர்னிஸ். நான் பஸ் ஓட்டறவ."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. "அடக் கடவுளே," என்றார் பர்னிஸ். பிறகு, "நீ இன்னும் குடிக்கலையே?"

"நேத்துதானே ஊத்தினே?"

"நேத்துதான்." மறுபடி பாத்திரம் உருண்டது. "போன வாரமும் ஒரு சொட்டு ஊத்தின மாதிரி ஞாபகம். இல்ல, அது சிரப்பா இருக்கணும்."

"சிரப்பா, எண்ணெயா?"

"எப்படித்தான் சொல்வேன்? ஏதோ பிசுபிசுன்னு இருந்துச்சுடி!"

ஓலீட்டா போனை வைத்தார். நேற்று ஊற்றியது நாக்கில் படவில்லை. போன வாரம் ஊற்றியிருந்தால்? ஒரு சொட்டு கலந்திருந்தால் விளக்கு வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியாது. அந்த வாரம் முழுவதும் அவர் அதைக் குடித்திருப்பார். மூட்டுவலியோடு வண்டி ஓட்டலாம். பேப்பரில் ஒரு வரி தப்பாக வந்தால் ஓட்ட முடியாது. ஏவரியும் ஒரு சொட்டை நம்பித்தான் போனார்.

எண்ணெய் குடிக்காமல், மரத்த கையோடு பஸ்ஸை எடுத்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினால், மேலாளர் ராட்லிஃப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மிஸ் ஓலீட்டா, கம்ப்யூட்டர் இன்னைக்கு உங்க பேரைத் துப்பிடுச்சு. நேரா போயிட்டு வந்துடுங்க. வீட்டுக்கெல்லாம் போகக் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? காப்பி குடிச்சிருக்கேன், நல்லா வரும்," என்றாராம் ஓலீட்டா. ராட்லிஃப் சிரித்தார். ஓலீட்டா காரில் ஏறி நேரே அங்கே போனார்.

சோதனை நடக்கும் இடத்தில் கைப்பையை வாங்கிப் பூட்டி வைப்பார்கள். கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள், யாரும் அதை மொண்டு கோப்பையில் ஊற்றிவிடாதபடி. நர்ஸ் கதவுக்கு வெளியே நின்றாள். ஓலீட்டா கோப்பையோடு வெளியே வந்து, "நீலம் ரொம்ப அழகா இருக்கு. எங்க சர்ச்லயும் இதையே ஊத்தச் சொல்லப் போறேன்," என்றார். நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பையின் சூட்டைப் பார்த்து, மூடி ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பேனாவை விரலுக்கு இடையில் நிறுத்த ஓலீட்டாவுக்கு இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். டாய்ல் தம் முழங்காலிலிருந்து ஒத்தடத் திண்டைக் கழற்றி மனைவியின் மடியில் வைத்தார். பர்னிஸ் போன் செய்யப் பயந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் மூலம் வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் வழியும் இனிப்பு அப்பம் ஒன்று செய்து அனுப்பினார். ஓலீட்டா அதை மேசை நடுவில் வைத்து மூடினார்.

"சும்மா ஒரு ஓரம் மட்டும்..." என்று ஆரம்பித்தார் டாய்ல்.

"பஸ் இருக்கா இல்லையான்னு தெரியற வரைக்கும் அதுல யாரும் கத்தி வெக்கக் கூடாது."

கலந்த பாட்டிலை அவர் கொட்டவில்லை. ஒரு சுருக்குப் பையில் கட்டி, 'பர்னிஸுக்கு' என்று எழுதி வைத்தார். புதிய பாட்டிலும் வாங்கவில்லை. சோதனை என்ன சொல்லுமோ, அதற்குள் எதை நம்பி வாங்குவது? காலையில் கை எழுந்திருக்க மறுபடி அரைமணி ஆனது. அந்த அரைமணி முன்னாலேயே எழுந்து, சுடுதண்ணீரில் விரலை முக்கிவிட்டு, ஒரு நாளும் தாமதமில்லாமல் பஸ்ஸை எடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் கொட்டகையில் டிரைவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது ராட்லிஃப் உள்ளே வந்தார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். வாசலிலிருந்தே, "மிஸ் ஓலீட்டா! சுத்தம்!" என்று கத்தினார்.

யாரோ ஒருவர் பஸ்ஸின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் அடித்தார். உடனே கொட்டகை முழுவதும் தகடு அதிர ஆரம்பித்தது. பெருத்த உடம்புக்காரரான இன்னொரு டிரைவர் ஓலீட்டாவை நாற்காலியோடு தூக்கப் பார்த்து, தம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கும் ஒரு பாட்டில் வேணும் போலிருக்கே," என்றார் ஓலீட்டா.

"அதான் கேக்கணும்னு இருந்தேன். நீங்க எந்தக் கடையில வாங்கறீங்க?"

"கடையைக் கேக்காத. லோவெல்கிட்ட வாங்கினாலும் ஒவ்வொரு பாட்டிலும் புதுசுதான். ஒவ்வொண்ணையும் கவுத்துப் பாக்கணும்." போனை எடுத்து, கோடையில் பார்த்த சோதனை அறிக்கை ஒன்றை அவருக்குத் திறந்து காட்டினார். எதைப் பார்க்க வேண்டும் என்று மரத்த விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். சுற்றிலும் தலைகள் கூடின. கடைசியில் ஒன்று சொன்னார்: "எல்லாம் பாத்து வாங்கினாலும் உத்தரவாதம் கிடையாது, புரியுதா? மாட்டினா யாரும் காப்பாத்த மாட்டாங்க. நான் தெரிஞ்சு எடுத்த முடிவு இது. வீட்ல பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட பேசிட்டு அப்புறம் வாங்கு. முக்கியமா, வாங்கினதைப் பூட்டி வை. நாத்தனார் இருந்தா ரெண்டு பூட்டு போடு."

சிரிப்பு அடங்குவதற்குள் பிள்ளைகளை ஏற்றும் நேரம் வந்துவிட்டது.

சாயங்காலம் ஓடையோரச் சாலையில் மஞ்சள் பஸ் இறங்கி வந்தது. உள்ளே பிள்ளைகள் வழக்கமான கூச்சலில் இருந்தார்கள். சாலை குறுகி, ஒரு வண்டி ஒதுங்கினால்தான் இன்னொன்று போகும் இடத்தில், எதிரே பர்னிஸின் பழைய பிக்கப் வந்து நின்றது. பர்னிஸ் நான்கு நாளாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இன்றும் அவருக்கு எந்தச் செய்தியும் எட்டியிருக்கவில்லை. ஒதுங்கி நின்று, கண்ணாடிக்கு உள்ளே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை ஓட்டி வருவது யார் என்று எட்டிப் பார்த்தார்.

எங்கள் சாலைகளில் எதிரே தெரிந்தவர் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் சற்று உயர்த்துவார்கள். கோபமாக இருந்தால் அதுவும் கிடையாது. ஓலீட்டா பிக்கப்புக்கு நேரே வந்ததும் வண்டியை மெதுவாக்கி, பக்கவாட்டு ஜன்னலைத் திறந்தார். இடது கையை முழங்கை வரை வெளியே நீட்டினார். மரத்துப்போயிருந்த அந்தக் கையில், கட்டைவிரலைக் கடைசியாக, பல்லைக் கடித்து வெளியே தள்ளி, ஐந்து விரலையும் விரித்து உயரத் தூக்கிப் பிடித்தார், நின்றிருந்த பிக்கப்பைப் பஸ் முழுவதுமாகக் கடந்து போகும் வரை.